வற்ற விடாமல் ஓட்டை அடைப்பது

புதுக்கடைப் பக்கம் ஒரு குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் ஆளாளுக்குச் சொல்கிற வைத்தியம் ஒன்றே: மோட்டார் போட்டு இறைத்துவிட்டு ஜேசிபியை இறக்கு. சில குளங்களுக்கு வினையே அந்த ஜேசிபியால்தான் வந்தது.

புதுக்கடையைச் சுற்றிய விளவங்கோட்டு வட்டார மண்ணின் வாகு அப்படி. மேலே செம்மண், அடியில் வீடு கட்ட அறுத்தெடுக்கிற வெட்டுக்கல். அதை உடைத்துப் பார்த்தால் உள்ளெல்லாம் துளைகள். அதன்மேல் தண்ணீர் தங்குகிறதென்றால், மழைதோறும் வந்து படிந்த வண்டல் அந்தத் துளைகளை அடைத்துக் கிடக்கிறது என்று பொருள். ஆழப்படுத்துகிறோம் என்று வண்டலை வழித்தெடுத்தால் குளம் சல்லடைதான். மிச்சமிருக்கும் களியும் வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். "வெள்ளத்த வத்தவிடாத மக்களே, களி வெடிச்சுப்போவும்" என்று பெரியவர்கள் தடுப்பது சும்மா இல்லை.

முதலில் அது ஓட்டைதானா என்று பார்க்க வேண்டும். கோடையில் வெயிலே ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் அளவுக்குக் குடித்துவிடும். குளத்துப் படிக்கட்டில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துக்கொண்டால் போதும். வாளியைவிடக் குளம் வேகமாக இறங்கினால் கசிவு உறுதி. இறங்கிக்கொண்டே வந்த மட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஓட்டை அந்த உயரத்தில்தான். கரையோரம் அந்த வரிசையில் நண்டு வளையும் மர வேரும் தேடலாம்.

காற்றில்லாத விடியலில், களிமண்ணைக் கூழாகக் கரைத்து, சந்தேகப்படும் இடத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். மற்ற இடத்தில் கலங்கல் அப்படியே மிதந்து பரவும். ஓட்டை இருக்கும் இடத்தில் நூல்போல நீண்டு உள்ளே போகும். தண்ணீரே ஓட்டையைக் காட்டுகிறது, அடைக்கும் மண்ணையும் அதுவே இழுத்துச் செல்கிறது. குளத்தை இறைத்துவிட்டால் இந்த உதவி கிடைக்காது. குஜராத்தின் கச்சுப் பகுதியில் வெட்டியெடுக்கும் பென்டோனைட் களி நனைந்தால் பல மடங்கு உப்பும் என்பதால், குருணையாக அதையும் தூவுகிறார்கள். ஆனால் தேங்காப்பட்டணம் கழிமுகத்தை ஒட்டிய உப்பு நீரில் அது அவ்வளவாக உப்பாது. மீன் வளர்ப்பவர்கள் ஒரே நாளில் கொட்டிக் கலக்கினால் மீன் திணறும். ஒரு தடவையில் முடிகிற வேலையும் அல்ல.

இறைக்காமலே ஓட்டை அடைப்பதற்குப் பெரிய அளவில் உதாரணம் முல்லைப் பெரியாறு. 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கொண்டு கட்டி முடித்த அணை. அதில் 104 அடிக்குக் கீழே உள்ள நீரைத் தமிழ்நாட்டுப் பக்கம் எடுக்கவே வழியில்லை. இறைத்துவிட்டுப் பூசுவது எங்கே? 1930-களில் அணையின் உடம்பில் துளையிட்டு சிமெண்ட் கரைசலை அழுத்தி ஏற்றினார்கள். 1960 வாக்கில் மறுபடியும். கசிவு இன்றைக்கும் அளக்கப்படுகிறது.

ஊர்க்குளத்திலும் கசிவை அளந்து பார்ப்பது நல்லது. கரையின் வெளிப்புறம் கசியும் நீர் தெளிவாக இருந்தால் நிதானமாகக் களி போடலாம். கலங்கி வந்தால் கரையின் மண்ணே அரித்துக்கொண்டு போகிறது; அப்போது களிக்கூழெல்லாம் உதவாது. உடனே மணல் மூட்டை அடுக்கி, நீர்வளத்துறைக்கும் பேரூராட்சிக்கும் சொல்லிவிடுங்கள்.