சிவப்புப் பென்சிலும் இருபத்தைந்து வண்ணங்களும்

ஆண்டிமடத்தில் என் தந்தையாரின் மளிகைக் கடையில், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கம்பி தொங்கும். வருகின்ற கடிதங்களும் சரக்குச் சீட்டுகளும் அதில் கோக்கப்பெறும். உடனே விடை எழுத வேண்டியவற்றின் மூலையில் அவர் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். முந்திரிக்கொட்டைக் கணக்கென்றால் நீலம். கோட்டின் பொருள் அவர் ஒருவருக்கே தெரியும். ஆயினும் தாள் எங்கே சென்றாலும் கோடும் உடன் செல்லும். இச்சிறு செய்தியின் அருமை எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை.

பின்னாளில் ஒரு கல்வி நிலைய அலுவலகத்தில், உதவித்தொகை விண்ணப்பங்களை மின்னஞ்சல் வழியே பெறும் பணி எனக்கு வாய்த்தது. அவுட்லுக் என்னும் செயலியில், 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், மடல்களை வகைபிரித்து வண்ணம் இடலாம். மொத்தம் 25 வண்ணங்கள். விடை தர வேண்டியதற்குச் சிவப்பு, முடிந்ததற்குப் பச்சை, சான்றிதழ் குறைவானதற்கு மஞ்சள் என வகுத்துக்கொண்டேன். நாளடைவில் வகையின் பெயரைப் படிப்பதையே விட்டுவிட்டேன். கண் வண்ணத்தை மட்டுமே தேடிற்று.

ஒரு கோடையில் என் கணிப்பொறியை மாற்றினார்கள். பழைய மடல்களைப் புதிய பெட்டிக்குள் கொண்டுவந்தபோது பெயர்கள் இருந்தன, வண்ணங்கள் இல்லை. சிவப்பு எதுவும் கண்ணில் படாமையால், நிலுவை ஏதுமில்லை என்று முடிவு செய்தேன்! மூன்று வாரம் கழித்து ஒரு மாணவி வந்து நின்றார். “ஐயா, சான்றிதழை அன்றைக்கே அனுப்பிவிட்டேனே” என்றார். இறுதி நாள் கடந்திருந்தது. அவ்வாண்டு அத்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கையிலிருந்த நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கடிந்திருக்கலாம்.

அதன் பிறகே ஆராய்ந்தேன். மடலில் பதிவாவது வகையின் பெயர் மட்டுமே. இன்ன பெயருக்கு இன்ன வண்ணம் என்பது அஞ்சற்பெட்டியின் தலைமைப் பட்டியலில் தனியே இருக்கிறது. பட்டியல் வாராவிடில் வண்ணமும் வாராது. விபிஏ என்னும் நிரல்மொழியில் அப்பட்டியலைத் தொடலாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர், ஒரு வண்ண எண், வண்ணமின்மைக்குச் சுழியம். பட்டியல் முழுவதையும் ஒரு கோப்பில் எழுதிவைக்க ஒரு நிரல், அதனைப் படித்து இல்லாதவற்றை மட்டும் சேர்க்க மற்றொரு நிரல் எழுதினேன். இருக்கின்ற பெயரையே மீண்டும் சேர்த்தால் பிழையென்று நின்றுவிடும். ஆதலின் முதலில் தேடிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்களே பெருந்தொல்லை தந்தன. அந்நிரல் எழுதும் சாளரம் நம் எழுத்தை ஏற்காது. ‘குறை’ என்று ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்! அகரத்திற்கு 2949 என ஒவ்வோர் எழுத்தையும் யூனிகோட் எண்ணாகத் தந்து பார்த்துச் சலித்தேன். பெயர்களை யூனிகோட் கோப்பில் வைத்து, நிரல் அதைப் படிக்கச் செய்ததே எளிதாயிற்று.

மற்றொரு பாடமும் உண்டு. நிரலால் பட்டியலில் ஒரு பெயரை மாற்றினேன். பழைய மடல்களோ பழைய பெயரையே தாங்கி வெளிறி நின்றன. ஒரு மடலின் வகைகள் யாவும் காற்புள்ளியிட்ட ஒரே சரமாக இருப்பவை. அதனைப் பிரித்து, முழுப்பெயர் பொருந்தினால் மட்டுமே மாற்றிச் சேமிக்க வேண்டும். முதன்முறை நான் ‘குறை’ என்பதை அப்படியே மாற்றச் சொல்ல, ‘குறைதீர்ப்பு’ என்ற வகையும் சிதைந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் அதைத் திருத்துவதில் கழிந்தது.

புதிய அவுட்லுக்கில் இந்நிரல்கள் இயங்குவதில்லை. எனவே பழையதையே கேட்டு வைத்திருக்கிறேன். பட்டியல் கோப்பின் படி ஒன்று வேறிடத்திலும் இருக்கிறது. இறுதி நாள்களை ஒரு குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதிவருகிறேன். மறு ஆண்டு அம்மாணவி மீண்டும் விண்ணப்பித்தார். அன்று மாலையே விடை அனுப்பினேன்.