சிவப்பு விளக்கு

என் 1986 மாடல் காரின் டேஷ்போர்டில் எண்ணெய் விளக்கு எரிய ஆரம்பித்து மூன்று வாரமாகியும் நான் செய்தது, அதைப் பார்க்காமலிருக்கப் பழகியதுதான். பல்பைக் கழற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன்.

முதல் நாளே குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்திருந்தேன். எண்ணெய் மேல்கோட்டில் நின்றது. ஆகவே விளக்கு பொய் என்பது என் தீர்மானம்.

"எண்ணெய் இருக்கு சார். போய்ச் சேருதான்னுல்ல பாக்கணும்" என்றார் மெக்கானிக்.

அந்த விளக்குக்கு அளவு தெரியாது, அழுத்தம்தான் தெரியும். அடியில் எண்ணெய் நிறைந்திருந்தும் பம்ப் தள்ளாவிட்டால் பேரிங்குகள் வறண்டு, சில நிமிஷங்களில் எஞ்சின் போய்விடும். (நிறையப் படித்தும் ஒரு வரி எழுத வராத நண்பர் ஞாபகம் வந்தார். நண்பர் என்று சொல்லிக்கொள்கிறேன்.)

சாவியைப் போட்டுவிட்டு ஆயில் ஸ்விட்சின் ஒற்றை வயரைக் கழற்றினார். அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை. ஆக, ஸ்விட்சைக் கேட்காமலே வயர் எங்கோ எஞ்சின் உடம்பைத் தொட்டு எர்த் ஆகிக்கொண்டிருக்கிறது. இருந்தும் அவர் விடவில்லை. ஸ்விட்சைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜைத் திருகி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். அழுத்தம் சரியாக இருந்தது. புகைக்குழாயருகே வயரின் உறை ஓரங்குலத்துக்கு உருகிப்போயிருந்தது. அதை வெட்டியெறிந்து, புது வயரைக் குழாயிலிருந்து தள்ளிக் கட்டினார்.

விளக்கு பொய்தான் சொல்லியிருக்கிறது. நான் நினைத்தது சரி. ஆனால் தெரிந்து நினைக்கவில்லை.

இப்போதெல்லாம் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யுமுன் ஒரு கணம் காத்திருக்கிறேன், அது எரிகிறதா என்று.