பனி வெடிப்புதானா?

மார்கழி பொறந்தா ஓபில இந்தக் கேள்வி வராத நாளில்ல. "டாக்டர், உதடு வெடிச்சு எரியுது, ஏதாவது சத்து மாத்திரை எழுதிக் குடுங்க."

மாத்திரை அப்புறம். இதைப் படிக்க ஆரம்பிச்சதும் எத்தனை பேர் நாக்கால உதட்டைத் தடவிட்டீங்க?

சிக்கலே அதுதான் மக்களே. உதட்டுத் தோல் ரொம்ப மெல்லிசு. வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ப் பசையும் இல்லாத இடம். எச்சில் பட்டா ஒரு நிமிஷம் இதமா இருக்கும். அது காயும்போது உதட்டை இன்னும் வறள வச்சிடும். சோத்தைச் செரிக்க வைக்கிற நொதிகள் வேற எச்சில்ல இருக்கு, அது எரிச்சலைக் கூட்டும். குழந்தைக்கு வாயைச் சுத்தி வட்டமா சிவந்தோ கருத்தோ இருந்தா, பெரும்பாலும் இந்த நக்குற பழக்கம்தான். மூக்கடைச்சு வாயைத் திறந்து தூங்குற பிள்ளைக்கு மூக்கைப் பார்க்கணும்.

வைத்தியம் ரொம்ப சாதாரணம். வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. சாப்பிட்டு வாய் துடைச்சதும், படுக்கும் முன்னாடியும் தடவுங்க. தேங்காய் எண்ணெய், நெய் தாராளமா போடலாம், அடிக்கடி போடணும், அவ்வளவுதான். ஜில்லுன்னு இருக்கிற மெந்தால், கற்பூரம் கலந்த பாம் வேண்டாம். அந்த ஜில்லு குணம் இல்ல, எரிச்சல். உரியுற தோலைப் பிய்க்காதீங்க.

தண்ணி குடிங்கன்னு சொல்றது எங்களுக்குச் சுலபம். ஜவுளிக்கடையில வேலை பார்க்குற அக்கா ஒருத்தங்க சொன்னாங்க: "குடிச்சா பாத்ரூம் போகணுமே டாக்டர், எத்தனை தடவை போய்க் கேக்குறது?" அவங்களுக்கு ஜெல்லியோட யூரின் டெஸ்ட்டும் எழுத வேண்டியதா இருந்துச்சு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டத்தையே திருத்தினாங்க. உட்காரவே சட்டம் வேண்டியிருக்கு!

சத்து மாத்திரைக்கு வருவோம். வாயோட ரெண்டு ஓரமும் வெடிச்சுப் புண்ணானா பி வைட்டமின், இரும்புச்சத்து குறைவா இருக்கலாம். பூஞ்சையாவும் இருக்கலாம். சர்க்கரை இருக்கிறவங்களுக்கும், லூசான பல்செட் போட்டவங்களுக்கும் இது திரும்பத் திரும்ப வரும். டெஸ்ட் பண்ணாம மாத்திரை முழுங்கிப் பிரயோஜனமில்ல. பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிடுறவங்களுக்கு உதடு காயத்தான் செய்யும், எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க.

எனக்குப் பயமே வேற இடத்துல. ஒரே இடத்துல வெடிப்பு அல்லது புண், 3 வாரமாகியும் ஆறல. தொட்டா கெட்டியா இருக்கு, ரத்தம் கசியுது, இல்ல வெள்ளையா திட்டு. கூடவே பீடியோ புகையிலையோ பழக்கம், இல்ல வருஷக்கணக்கா வெயில்ல வேலை. இதைப் பனி வெடிப்புன்னு எண்ணெய் தடவிட்டு விட்டுடாதீங்க. புற்றுநோயா இருக்கலாம். வலிக்கலையேன்னு நம்பாதீங்க, ஆரம்பத்துல பல பேருக்கு வலிக்காது. அரசு மருத்துவமனையில பல் பிரிவு, இஎன்டி எங்க வேணா காட்டலாம். சின்னதா சதை எடுத்து பயாப்சி பண்ணா தெரிஞ்சிடும். சீக்கிரம் பிடிச்சா சின்ன ஆபரேஷனோடவே முடிய வாய்ப்பு அதிகம்.

வீட்டுல புகையிலை அடக்குற தாத்தாவோ ஆயாவோ இருந்தா, இன்னிக்கே வெளிச்சத்துல உட்கார வச்சு கீழ் உதட்டைப் புரட்டிப் பாருங்க.