உடலுக்குள் ஒரு கடிகை

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. ஆயினும் என் அன்னை நாள்தோறும் கோழி கூவுமுன் எழுந்துவிடுவார். ஏலத்தோட்டத்திற்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் போடிமெட்டு மலைப்பாதைக்குப் புறப்படுமுன் சோறு கட்டி முடித்திருப்பார். "அம்மா, உன்னை யார் எழுப்புகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "உடம்புக்கே தெரியுமடா" என்றார்.

தந்தையின் நிலை வேறு. மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் அறையில் இரவெல்லாம் அடுப்பெரித்து, வெப்பம் குன்றாமல் காப்பது அவர் தொழில். ஒருநாள் விடியுமுன் கண்ணயர்ந்துவிட்டார். நெருப்புத் தணிந்தது, காய்கள் பதம் கெட்டன, கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். "பகலிலேனும் நன்றாக உறங்கியிருக்கலாமே!" என்று நானும் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை.

பின்னர் மதுரையில் பயின்றபோதுதான் அன்னை கூறியதன் உண்மை விளங்கிற்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் குகை வௌவால்களை ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். இருண்ட குகையில் அடைக்கப்பட்ட வௌவால், நாள்தோறும் வெளியே சென்று மீளும் தன் இனத்தோடு காலம் ஒத்து இயங்கியது. இனம் இல்லாத குகையில் அடைத்தபோதும் அதன் கடிகை நிற்கவில்லை. ஆனால் 24 மணிக் கணக்கிலிருந்து நாளுக்கு நாள் சிறிது விலகிச் சென்றது.

நம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் இக்கடிகையாய் அமைந்துள்ளன. அவற்றிலுள்ள சில மரபணுக்களின் கட்டளையால் புரதங்கள் உண்டாகின்றன. புரதம் பெருகியதும் அதுவே அம்மரபணுக்களை அடக்குகிறது. அது சிதைந்து குறைந்ததும் அவை மீண்டும் தொழிற்படுகின்றன. இச்சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கண்வழி வரும் ஒளி அதனைத் திருத்திக்கொண்டே இருக்கும். பழ ஈக்களில் இவ்வியக்கத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

இரவில் விழித்திரு என்று மனிதன் ஆணையிடலாம். உயிரணுக்கள் அதனை எளிதில் ஏற்பதில்லை. பகலொளியோ உறங்குவோனை விழித்திரு என்கிறது. என் தந்தையை வென்றது சோம்பல் அன்று.

ஊர் திரும்பியதும் இதைக் கூறி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசலில் நின்ற புளியமரத்தைக் காட்டி, "மரமே அந்தியில் இலை மடக்குகிறது, நான் மனிதன்தானே தம்பி" என்று சிரித்தார்.

நமக்காக இரவெல்லாம் விழித்தவர்கள் பகலில் உறங்கும் வீட்டைக் கடக்கும்போது, ஓசையின்றி நடப்போமாக.