அத்தாவின் மடிக்கணினியும் அதற்குள் இருந்த அமானிதமும்



வீட்டிலுள்ள பழைய கணினி மெதுவாகிவிட்டால் நாம் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். கடையில் கொடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடச் சொல்கிறோம். இல்லையேல் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்யவிருந்தேன். செய்திருந்தால், மவுத்தாகிவிட்ட என் அத்தாவின் பொறுப்பு ஒன்று நிறைவேறாமலே போயிருக்கும்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நினைவிருக்கும். 2014இல் என் தங்கை பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அறந்தாங்கியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அதை வைத்தே அவள் கணினிப் பட்டப்படிப்பை முடித்தாள். திருமணமாகித் திருச்சிக்குப் போனபோது, "அத்தா கடைக் கணக்குக்கு வச்சுக்கட்டும்" என்று விட்டுச் சென்றாள். அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் தட்டச்சு கற்று, ஒற்றை விரலால் வரவு செலவு எழுதினார்கள்.

சென்ற ஆண்டு அத்தா மவுத்தானார்கள். அம்மா இத்தாவில் இருந்தார்கள். ஒருநாள் அம்மா என்னை அழைத்து, "தம்பி, சொத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். அத்தா யாருக்காவது தர வேண்டியது இருக்கான்னு முதல்ல பாரு" என்றார்கள். கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு என்பது நாம் அனைவரும் அறிந்த சட்டம். ஆனால் அத்தா கடைசி ஆண்டுகளில் நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டார்கள். கணக்கு முழுவதும் அந்த மடிக்கணினியில் இருந்தது.

அதைத் திறந்தால் திரை தெளிவதற்கே ஒன்பது நிமிடம் ஆயிற்று. ஒரு கோப்பின்மேல் சொடுக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது; பிறகு திரை உறைந்தது. இணையமும் வரவில்லை. புதுக்கோட்டைக்குப் பேருந்தேறி, பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டினேன். அங்கிருந்த இளைஞர், "பாய், இதெல்லாம் ரொம்பப் பழசு. எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன். காசு கட்டாத காப்பிதான், ஐநூறு ரூபாய் போதும்" என்றார். மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரவு தங்கைக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். "அண்ணே, நான் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது" என்று பதறினாள்.

வெள்ளிக்கிழமை வந்தாள். உடனே எதையும் கழற்றவில்லை. முதலில் காதை வைத்துக் கேட்டாள். ஹார்ட் டிஸ்கிலிருந்து டக், டக் என்று விட்டுவிட்டு ஓசை வந்தது. பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். கணினி எங்கே திணறுகிறது என்பதை அது காட்டும். பிராசஸர் ஏறத்தாழச் சும்மா இருந்தது. நினைவகம் நிறைந்து வழிந்தது. டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது.

அதற்கு அவள் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. மடிக்கணினிகளின் பழைய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும் தட்டு. வேண்டிய செய்தி தட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ, அங்கே ஒரு சிறு முனை நகர்ந்து போய்ப் படிக்க வேண்டும். எங்கள் கணினியின் நினைவகம் 2 ஜிபிதான். அது நிறைந்துவிட்டால் மீதியை விண்டோஸ் அந்தத் தட்டில் எழுதி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். எழுதவும் எடுக்கவுமாக முனை ஓடிக்கொண்டே இருக்கும். இதைத்தான் நாம் 'ஸ்லோ' என்கிறோம். பத்தாண்டு உழைத்த தட்டு தேயத் தொடங்கினால், ஒரே இடத்தைப் பலமுறை படித்துப் பார்த்துத் தடுமாறும். அந்த டக், டக் ஓசை அதன் அடையாளமாக இருக்கலாம்.

இணையம் வராததற்குக் காரணம் வேறு. திரையின் ஓரத்தில் தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது. கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் அளவுப் பேட்டரி செத்துவிட்டது. பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அவற்றுக்கு வெளியே இருந்தால் தளம் திறக்காது. சில ரூபாய்ப் பேட்டரிக்காக இணைய இணைப்பையே நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"முதல்ல பிரதி எடுக்கணும். வேகம் அப்புறம்" என்றாள் தங்கை. இந்த வரிசைதான் இக்கட்டுரையின் சாரம். தேய்ந்த டிஸ்கில் டிஃப்ராக் செய்வதோ, சுத்தப்படுத்தும் மென்பொருள்களை ஓட்டுவதோ, மீண்டும் மீண்டும் அணைத்துப் போடுவதோ அதன் மிச்ச ஆயுளையும் தின்றுவிடும். அழித்துவிட்டு அதன்மேல் புதிய விண்டோஸை எழுதினால் பழையவை மீளும் என்பதற்கு உறுதியில்லை. அவள் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் கொண்டுவந்திருந்தாள். அதைச் செருகினால் கணினி அந்தப் பென் டிரைவிலிருந்தே இயங்கும். உள்ளிருக்கும் விண்டோஸைத் தொடாமல் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அஸருக்குப் பிறகு தொடங்கிய பிரதி இஷா முடிந்தும் ஓடியது.

கணக்குக் கோப்பு திறந்தது. ஆனால் வரிகளெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருந்தன. என் நெஞ்சு அடைத்தது. தங்கை சிரித்தாள். அத்தா யூனிகோடில் எழுதவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. பழைய டிஸ்கிலிருந்தே எழுத்துருவையும் எடுத்துப் போட்டதும் அத்தாவின் எழுத்து தமிழாக மலர்ந்தது.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். 1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர்கள் அம்மா. கண்ணாடி அணிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். நமக்கு வரவேண்டியவை பல இருந்தன, தரவேண்டியவை சில. அவற்றில் ஒன்று கடனே அன்று. எங்கள் தெருவில் தனியாக வாழும் மூதாட்டி ஒருவர், உம்ராவுக்கெனச் சேர்த்த 22,000 ரூபாயை அத்தாவிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்திருந்தார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அந்த ஒரு வரிதான் இருந்தது.

மறுநாள் நானும் என் மனைவியும் பணத்தோடு போனோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தா முடியட்டும்னு இருந்தேன். அப்பவும் கேட்டிருப்பேனான்னு தெரியலை. உங்களுக்குத் தெரியாத ஒண்ணை நான் எப்படிக் கேப்பேன்?" என்றார்.

இனி வேகத்துக்கு வருகிறேன். மடிக்கணினியின் பின்மூடியைத் திறந்தோம். காற்றாடியில் கடைத் தூசி பஞ்சாய் அடைந்திருந்தது. சூடு வெளியேற முடியாவிட்டால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூரிகையால் துடைத்தோம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினோம். நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினோம். பொத்தான் பேட்டரியையும் மாற்றினோம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி எங்கள் கணினியில் இல்லை. காசு கட்டாத காப்பியை அம்மாவே வேண்டாம் என்றார்கள். "அடுத்தவங்க அமானிதத்தைத் திருப்பிக் கொடுத்த பெட்டி இது. இதுல அடுத்தவங்க பொருளைக் கேக்காம போடலாமா?" என்றார்கள். எனவே இலவசமாகவே கிடைக்கும் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினோம். நம் நாட்டின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. அத்தாவின் கணக்கு லிப்ரே ஆஃபிஸில் திறக்கிறது. ஒன்பது நிமிடம் எடுத்த கணினி இப்போது ஒரு நிமிடத்திற்குள் தயாராகிறது.

பழைய டிஸ்கை எடைக்குப் போடவில்லை. அதில் ஆதார் நகல்களும் வங்கித் தாள்களும் உள்ளன. சாதாரணமாக அழித்தவற்றைத் தெரிந்தவர்கள் மீட்டுவிட முடியும். துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் பயன்படுத்திய பழைய கணினியோ கைப்பேசியோ கிடக்கலாம். அதை வேகப்படுத்துமுன், அழிக்குமுன், விற்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள்.

என் அத்தாவுக்காகவும் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.