அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமை

2013ஆம் ஆண்டு புலமைப்பரிசில் ஒன்று கிடைத்து, மேற்படிப்புக்காக ஜேர்மனியின் பிரைபேர்க் நகருக்குச் சென்றேன். முதல் சில மாதங்கள் ஒரு குடும்பத்தோடு தங்க ஏற்பாடாகியிருந்தது. கணவன், மனைவி, பாடசாலை செல்லும் ஒரு மகன், ஒரு மகள், மேல்மாடியில் வீட்டம்மாவின் தாயார். பிள்ளைகள் அவரை ‘ஓமா’ என்பார்கள். பாட்டி என்று பொருள். நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன்.

“போற இடத்தில சும்மா உட்கார்ந்திருக்காத மகள், கையுதவி செய்யணும்” என்று உம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சொல்தான் முதல் ஞாயிறு என்னை வம்பில் மாட்டியது.

காலை எட்டு மணியிருக்கும். வீடு இன்னும் உறங்கிக்கொண்டிருந்தது. குசினி வாசலில் ஒரு பை நிறைய வெற்றுப் போத்தல்கள். தெருமுனையில் கண்ணாடிப் போத்தல்கள் போடும் பெரிய தொட்டி இருப்பதை முன்பே பார்த்திருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் போட்டேன். அமைதியான அந்தத் தெருவில் ஒவ்வொரு போத்தலும் வெடி போல் விழுந்தது. மூன்றாவது போத்தலுக்கு ஒரு ஜன்னல் திறந்தது. முதியவர் ஒருவர் ஏதோ சொன்னார். அவர் பேசியது அந்தப் பகுதியின் கிராமத்துப் பேச்சு. கொழும்பில் நான் ஒரு வருடம் படித்த ஜேர்மன் மொழி அதற்குப் போதவில்லை. ஆனால் அவருடைய விரல் தொட்டியில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாதாம்!

முகம் சிவக்க மீதிப் போத்தல்களோடு திரும்பி வந்தேன். வீட்டம்மா விடயத்தைக் கேட்டுச் சிரித்தார். “இது உங்கள் தவறல்ல, நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு யாரும் யாருடைய ஓய்வையும் குலைக்கக் கூடாது” என்றார்.

ஞாயிறு ஓய்வு அந்நாட்டில் வெறும் வழக்கமல்ல, சட்டம். 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதப்பட்ட அந்தப் பாதுகாப்பு, 1949இல் வந்த இன்றைய அரசியலமைப்பிலும் அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான கடைகள் பூட்டு. வீட்டுப் பகுதிகளில் புல்வெட்டும் இயந்திரம் ஓடக் கூடாது. பேக்கரிகள் சில மணி நேரம் திறந்திருக்கும்.

அந்த வீட்டுத் தலைவர் சைக்கிளில் போய், மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக இருக்கும் சின்னச் சின்னப் பாண்களைச் சூடாக வாங்கி வந்தார். மகள் மேசை விரித்தாள். மகன் முட்டை அவித்தான். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு சிறு கிண்ணம், ஒரு சிறு கரண்டி. பட்டர், சீஸ், ஜேம், தேன். பன்றி இறைச்சி வகை எதுவும் மேசைக்கு வரவில்லை. நான் கேளாமலே அதைத் தவிர்த்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர்கள் பத்தரை வரை எழவில்லை. எனக்கோ காலடியில் முள். எழுந்து கோப்பைகளைக் கழுவலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் உட்கார வைத்தார்கள்.

பகல் லுஹர் தொழுததும், எல்லோருமாக நகரின் கிழக்கேயுள்ள குன்றில் உலாவப் போனோம். எதையும் வாங்க அல்ல, யாரையும் பார்க்க அல்ல. வெறும் நடை. மேலிருந்து பார்த்தால் நகரின் பழைய தேவாலயக் கோபுரம், 116 மீற்றர் உயரம், ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே தனியாக நின்றது.

நான்கு மணிக்குக் கோப்பியும் கேக்கும். அந்தப் பகுதியின் பெயர்போன செர்ரிக் கேக்கில் மதுபானம் சேர்ப்பார்கள். அதனால் எனக்காக முதல் நாளே அப்பிள் கேக் செய்து வைத்திருந்தார் வீட்டம்மா. அப்போது கேட்டேன்: “உங்கள் நாட்டுப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள். ஞாயிறென்றால் எப்போதுமே இப்படித்தானா?”

ஓமா கோப்பையைக் கீழே வைத்தார்.

“யார் சொன்னது? என் காலத்தில் ஞாயிறுதான் எங்களுக்கு அதிக வேலை. விடிந்ததும் இறைச்சி அடுப்பில் ஏறும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிப்போனதை நான் சாப்பிடுவேன். வீட்டைப் பார்ப்பது மனைவியின் பொறுப்பு என்று சட்டமே சொன்னது. அது மாறியது 1977இல்தான்.”

“சட்டம் மாறியதும் வீடும் மாறிவிட்டதா?”

“எங்கே! இந்த வீட்டில் மாறியது இவள் இரண்டாவது பிள்ளையைப் பெற்ற பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை இனி அடுப்பு மூட்ட மாட்டேன் என்று ஒரு நாள் சொன்னாள். மருமகன் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.”

மருமகன் சிரித்தார். “ஒரு மாதமல்ல, இரண்டு மாதம்” என்றார். பிறகு மகனை அழைத்துக்கொண்டு கோப்பைகளைக் கழுவப் போனார். பழக்க தோஷத்தில் ஓமாவும் எழுந்தார். “உட்காருங்கள் அம்மா” என்றார் மகள். அவர் உட்கார்ந்தார்.

என் அறைக்குப் போய் அக்குறணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இரவு எட்டரை.

“என்ன உம்மா செய்றீங்க?”

“குசினிலதான் மகள். மாமி வீட்டார் வந்திருக்காங்க, இடியப்பம் அவியுது. நீ சாப்பிட்டியா?”

காலையிலிருந்து நான் சாப்பிட்டுக்கொண்டும் உலாவிக்கொண்டும் இருந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்துமூன்று வயது வரை அந்தக் குசினிக்கு வெளியே இருந்து “உம்மா, பசிக்குது” என்று கூப்பிட்டவள் நானும்தானே. உம்மா எப்போது சாப்பிட்டார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய முதல் ஞாயிறு, ஸுபஹ் தொழுததும் தம்பியைக் கடைக்கு அனுப்பிப் பாண் வாங்கச் சொன்னேன். நான் முட்டை அவித்தேன். உம்மாவைக் கதிரையில் உட்கார வைத்தேன். மூன்று தடவை எழும்பினார். அடுப்பைப் பார்க்க ஒரு தடவை, சீனிப் போத்தலை எடுக்க ஒரு தடவை, எதற்கென்று தெரியாமலே ஒரு தடவை. கடைசியில் வாப்பாவே எழுந்து போய் ஒரு பிளேன்டீ ஊற்றி வந்து உம்மாவின் முன் வைத்தார். சீனி அளவுக்கு மிஞ்சிவிட்டது.

உம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், உட்கார்ந்தபடியே, கோப்பை முழுவதையும் குடித்து முடித்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு உம்மா கடைசியாக எப்போது சூடாகத் தேநீர் குடித்தார்? இன்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.