திருவாதிரை மங்கிய மாதங்கள்

அப்பா இறந்த பிறகு எனக்கு அழுகையைவிடக் கணக்குதான் அதிகம் வந்தது. பிரபஞ்சத்துக்கு வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள். சூரியனுக்கு 460 கோடி. நம் பால்வெளியில் மட்டும் குறைந்தது பத்தாயிரம் கோடி விண்மீன்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரின் ஆயுளைக் கொண்டுபோய் வைத்தால் அது எங்கே தெரியும்? கூட்டினாலும் கழித்தாலும் மாறாத எண்ணாகத்தான் அப்பா தெரிந்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் எனக்கு என்ன?

என் வேலையும் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. சார்நிலைக் கருவூலத்தில் கணக்கர். ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணலுக்கு வருவார்கள். நேர்காணல் என்றால் பேட்டி ஒன்றும் இல்லை. தான் உயிரோடு இருப்பதை நேரில் வந்து காட்டிவிட்டுப் போவது. புத்தகத்தை நீட்டுவார்கள், முகத்தைப் பார்ப்போம், கையெழுத்தோ கைரேகையோ வாங்குவோம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பாட்டிகள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் எழுதித்தர வேண்டும். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மாப்ள பாத்து வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். வராதவர்களின் ஓய்வூதியம் நின்றுபோகும். 2019 ஐப்பசியில் அப்பாவின் புத்தகம் என் பக்கத்து மேசைக்கு வந்தது. 'காலமானார்' என்று எழுதி, தேதி போட்டு, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியமாக மாற்றினார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அந்த முறைதான் என்னை என்னவோ செய்தது.

ஆறுதல் சொல்ல வந்த நண்பர் ஒருவர், நாமெல்லாம் விண்மீன்களின் தூசி என்றார். பொய்யில்லை. எலும்பிலுள்ள கால்சியமும் ரத்தத்திலுள்ள இரும்பும் எப்போதோ செத்த விண்மீன்களிலிருந்து வந்தவைதான். ஆனால் என் மேசை மேலிருக்கும் ஸ்டேப்ளர் முள்ளும் அங்கிருந்து வந்ததுதானே. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெருமை அப்பாவுக்கு மட்டும் எப்படிப் பெருமையாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்டீவன் வைன்பெர்க் என்ற இயற்பியலாளர் 1977ல் எழுதிய 'முதல் மூன்று நிமிடங்கள்' நூலின் முடிவில், பிரபஞ்சம் புரியப் புரிய அதில் நோக்கம் எதுவும் இல்லாததுபோலவே தோன்றுகிறது என்கிறார். இந்தப் பாதியைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அடுத்து, அதைப் புரிந்துகொள்ள மனிதன் எடுக்கும் முயற்சி, அவன் வாழ்வை வெறும் கேலிக்கூத்தாகாமல் சற்றே உயர்த்தும் மிகச் சிலவற்றில் ஒன்று என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் எனக்கும் முதல் பாதிதான் ஒட்டியது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அக்கா மகன் நச்சரித்ததால் காவலூர் போனோம். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக்குள் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். நாங்கள் பார்த்தது பார்வையாளர்களுக்கான சிறிய ஒன்றில்தான். காட்டியவர் ஒரு பழைய கதை சொன்னார். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீன் சில நொடிகள் மங்கி மங்கித் தெளிந்தது. விமானத்தில் பறந்தபடி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கக் குழு அதிலிருந்துதான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தது. அதே இரவில் இந்த மலையிலும் அந்த மங்கல் பதிவானது. சொல்லி முடித்து, கிழக்கே கை காட்டினார். "திருவாதிரை இப்ப மங்கிக்கிட்டே வருது. வீட்டுக்குப் போய் தினமும் பாருங்க. வெறும் கண்ணு போதும்."

அவர் சொன்னதில் 'தினமும்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கோடி ஆண்டுக் கணக்கில் உழன்றவளுக்கு நாளைக்கு என்று ஒரு வேலை கிடைத்தது.

பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. வெளிச்சம் தெரிந்த இரண்டு விண்மீன்களை எடுத்துக்கொண்டு, நம் விண்மீன் அவற்றுக்கு இடையில் எங்கே நிற்கிறது என்று மதிப்பிட வேண்டும். ரோகிணியின் ஒளியெண் ஏறத்தாழ 0.9, ஓரியன் விண்மீன் கூட்டத்தில் திருவாதிரைக்கு மறு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் 1.6. எண் கூடினால் ஒளி குறைவு. நடுவில் நின்றால் 1.2 அல்லது 1.3 என்று எழுதிக்கொள்ளலாம். திருவாதிரை சிவப்பு விண்மீன் என்பதால் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. பார்க்கப் பார்க்கக் கண் அதை அதிக ஒளியாகக் காட்டும். சட்டென்று பார்த்துச் சட்டென்று விலக வேண்டும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யாரும் எனக்கு இந்த யோசனையைச் சொல்லவில்லை.

ஜனவரி 10, ஆருத்ரா தரிசனம். அப்பா இறந்த வருடம் என்பதால் வீட்டில் பண்டிகை இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து களி வந்தது. மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து, இன்று இன்னும் மங்கல் என்றேன். அம்மா, "அது சாமி நட்சத்திரம்டி. உனக்கு மங்கலாத் தெரிஞ்சா டாக்டர்கிட்ட கண்ண காட்டு" என்றாள். பிப்ரவரியில் அது பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாக இறங்கியது. வெடிக்கப்போகிறது என்று செய்திகளில் பரபரத்தார்கள். வெடிக்கவில்லை. ஏப்ரலுக்குள் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது. விண்மீன் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவில் வந்திருக்கிறது, அதன் பரப்பிலும் ஒரு பகுதி குளிர்ந்திருக்கிறது என்று பின்னால் விளக்கினார்கள். அந்த ஒளி இங்கே வந்துசேர அறுநூறு எழுநூறு ஆண்டுகள் ஆகும். சோழர் ஆட்சி முடிந்து சில தலைமுறைகள் கழித்து அங்கே கிளம்பிய ஒரு தும்மலை, எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிப் பார்த்தவர்களைத் தேடிப் படித்தபோதுதான் ராதாகோபிந்த சந்திரா கிடைத்தார். 1878ல் பிறந்தவர், இன்றைய வங்கதேசத்து ஜெசூரில் கருவூல ஊழியர். என் துறை ஆள்! பகலில் அரசாங்கப் பணம், இரவில் ஒளி மாறும் விண்மீன்கள். அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய மதிப்பீடுகள் 37,000க்கும் மேல். அவருடைய உழைப்பைப் பார்த்துச் சங்கத்தார் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். பிரிவினையில் ஊரை விட்டு மேற்கு வங்கம் வந்தார், விண்மீன்களை விடவில்லை. முதுமையில் அந்தத் தொலைநோக்கி வைணு பாப்புவிடம் போனது, காவலூரை உருவாக்கிய அதே பாப்புவிடம். முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் எழுதிய எண்களால் எந்த விண்மீனும் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு குறிப்பிட்ட விண்மீன் எவ்வளவு ஒளியோடு இருந்தது என்பது, அவர் வெளியே வந்து பார்த்ததால் மட்டுமே உலகத்துக்குத் தெரியும். அந்த இரவைத் திரும்ப அளக்க முடியாது.

அடுத்த நேர்காணல்களில் என் கண் மாறியிருந்தது. தாளைப் பார்த்தேன், பிறகு முகத்தைப் பார்த்தேன். போன வருடம் தடியில்லாமல் வந்தவர் இந்த வருடம் தடியோடு வந்தார். ஒருவருக்குக் கைரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்க மறுத்தது. 'உயிருடன் உள்ளார்' என்று குறிப்பது சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை; ஆனாலும் பார்த்து எழுதுகிற வேலை. அப்போதுதான் என் பழைய கணக்கையே கேள்வி கேட்டேன். அப்பா நூறு கோடி ஆண்டு வாழ்ந்திருந்தால் அர்த்தம் கூடியிருக்குமா? பால்வெளி அளவுக்குப் பருத்திருந்தால்? தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி 1971லேயே இதைக் கேட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அற்ப ஆயுள் அபத்தமென்றால் முடிவில்லாத ஆயுள் முடிவில்லாத அபத்தமாகாதா என்கிறார். சிறியது என்பது அளவு. அதை மதிப்பென்று கொண்டது என் துக்கம் செய்த வேலை.

அதனால் துக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் கையெழுத்துள்ள பழைய வருகைப் பதிவேடு ஒன்றை இன்னும் என்னால் திறக்க முடியவில்லை. பிரபஞ்சத்துக்கு நோக்கம் இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது. முன்பு போல அந்தக் கேள்விக்காகத் தூக்கத்தை விடுவதில்லை. தூக்கத்தை விடுவதென்றால் அது மேகம் விலகும் இரவுகளுக்காகத்தான்.

போன மார்கழியில் அம்மாவும் மாடிக்கு ஏறி வந்தாள். முட்டிவலியோடு ஏறியதால் முதலில் என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"இன்னாத்துக்குடி இத தினமும் எழுதுற? எதுவரைக்கும்?"

"அது வெடிக்கிற வரைக்கும்."

"எப்ப வெடிக்குமாம்?"

"ஒரு லட்சம் வருசத்துக்குள்ள எப்ப வேணா வெடிக்கலாம்னு சொல்றாங்க."

அம்மா நோட்டின் மீதிப் பக்கங்களை விரலால் தள்ளிப் பார்த்தாள். "இது பத்தாது. மாசச் சம்பளம் வந்ததும் பெரிய நோட்டா வாங்கிக்கோ."